வேர்ட்பிரஸ் நிறுவியாயிற்று, முதல் பதிவுக்கு முன் எந்த செட்டிங்ஸைத் தொட வேண்டும்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். குமரி மாவட்டத்துச் சமையல், ஊர்க்கதை, திருவிழா என்று தமிழில் எழுத ஒரு வலைப்பதிவு தொடங்குகிறார். டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளம் தங்கும் சர்வர் இடம்) வாங்கி, தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவிவிட்டார். உள்ளே நுழைந்தால் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் பக்கங்கள். "ஒன்றையும் தொடாதே, எழுத ஆரம்பி" என்கிறார் நண்பர். யூடியூபில் ஒருவர் ஒவ்வொரு பெட்டியாக மாற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எந்தப் பெட்டி எதற்கு என்பதை எங்கே தேடினாலும் படித்துக்கொள்ளலாம். உங்கள் கேள்விக்குள் இருக்கிற கேள்வி வேறு: எதை இப்போது விட்டால் பிறகு அவதி? அப்படிப் பார்த்தால் இருவரும் பாதி சரி. முக்கால்வாசி செட்டிங்ஸை ஒரு வருடம் கழித்து மாற்றினாலும் ஒன்றும் குடிமுழுகாது. நாலைந்து விஷயங்கள் மட்டும் முதல் பதிவு வெளியாவதற்கு முன்னால் முடிவாக வேண்டும். பதிவுகள் சேர்ந்த பிறகு அவற்றை மாற்றினால் பழைய சுட்டிகள் உடையும், பழைய தேதிகள் தவறாகவே நிற்கும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு கடைகள், பள்ளிகள், கோயில் கமிட்டிகள், தனியாக எழுதுகிறவர்கள் என்று பலருக்குத் தளம் அமைத்துக் கொடுத்து வருகிறேன். நான் சொல்வது நீங்களே ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ளும் வேர்ட்பிரஸுக்குத்தான். கூகிளின் வலைப்பதிவுச் சேவையான ப்ளாக்கருக்கு இது பொருந்தாது.

முதலில் முகவரி. ஜெனரல் பக்கத்தில் வேர்ட்பிரஸ் அட்ரஸ், சைட் அட்ரஸ் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டும் எச்டிடிபிஎஸ் (https, பாதுகாப்பான இணைப்பின் அடையாளம்) என்று தொடங்குகின்றனவா பாருங்கள். இல்லையென்றால் அவற்றில் கைவைப்பதற்கு முன் ஹோஸ்டிங் பக்கம் போய், அந்தப் பாதுகாப்புக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம். பெரும்பாலான ஹோஸ்டிங் பேனல்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சான்றிதழ் இல்லாமல் முகவரியை மட்டும் மாற்றினால் உங்களாலேயே உள்ளே போக முடியாமல் ஆகலாம். அப்படி ஆனாலும் பதற வேண்டாம், வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி சேர்த்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தக் கோப்பைத் திறப்பதே பெரிய பயம், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். முன்னால் மூன்று டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எது என்றாலும் குறை இல்லை, ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே கிளிக்கில் நிறுவித் தரும் சில கருவிகள் கேட்காமலேயே ஒரு துணைக்கோப்புறையில் வேர்ட்பிரஸைப் போட்டுவிடும். உங்கள் டொமைன் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வேண்டாத ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் காரணம். இன்னும் ஒரு பதிவுகூட எழுதவில்லை அல்லவா, அழித்துவிட்டு மறுபடி நேரான இடத்தில் நிறுவுவதுதான் சுலபம். ஐம்பது பதிவு சேர்ந்த பிறகு இதைச் செய்வது தனி வேலை.

அடுத்தது பெர்மாலிங்க், அதாவது ஒவ்வொரு பதிவின் முகவரியும் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஆங்கில வழிகாட்டிகள் சொல்லாத ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. புது நிறுவலில் பெரும்பாலும் ஆண்டு, மாதம், நாள், பிறகு பதிவின் பெயர் என்ற வடிவம் இருக்கும். நாளிதழ் போல எழுதுகிறவருக்கு அது சரி. உங்களுக்கு அது ஆகாது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 பற்றி நீங்கள் எழுதினால் அதை ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது தேடி வருவார்கள். தீயல் வைக்கும் பக்குவத்துக்கும் வயதாகாது. முகவரியிலேயே பழைய ஆண்டு தெரிந்தால் பழைய சரக்கு என்று கடந்து போய்விடுவார்கள். அதனால் போஸ்ட் நேம் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சேமித்த பிறகு உள்பக்கங்கள் "காணவில்லை" என்று வந்தால், அதே பக்கத்துக்குப் போய் மறுபடி ஒருமுறை சேமித்துப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஹோஸ்டிங்காரரிடம்தான் கேட்க வேண்டும். சர்வர் பக்கத்து விஷயம் அது.

சிக்கலுக்கு வருகிறேன். தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதே தமிழை முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். உலாவியின் முகவரிப் பட்டையில் அழகாகத் தமிழிலேயே தெரியும். உள்ளே அது தமிழாக இருப்பதில்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினியில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். புள்ளியும் ஒரு குறி, கொம்பும் ஒரு குறி, காலும் ஒரு குறி. பதிவின் முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது மொத்தமே 200 இடம். "கன்னியாகுமரி நாகர்கோவில் ரயில் பாதை" என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். கன்னியாகுமரியில் 12 குறிகள், அதற்கு 108 இடம். நடுவில் ஒரு சிறுகோடு. நாகர்கோவிலில் 11 குறிகள், 99 இடம். கூட்டினால் 208. கடைசிப் புள்ளிக்கு இடம் இல்லாமல், முகவரி "நாகர்கோவில" என்று முடிந்து நிற்கும். ரயிலும் பாதையும் ஏறவே ஏறாது. அந்தச் சுட்டியைக் குரோமில் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக ஒரு பெரிய வால் நீளும். துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் உங்கள் சொந்தக்காரர் அதைப் பார்த்து, ஏதோ வைரஸ் என்று திறக்காமல் விட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் என் யோசனை: தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். எழுதும் பக்கத்தின் ஓரத்தில் ஸ்லக் என்று ஒரு பெட்டி இருக்கும், பதிவின் முகவரிப் பெயர் அதுதான். அதில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் போடுங்கள், நடுவில் சிறுகோடு. இதைப் பதிவு வெளியாவதற்கு முன்னால் செய்ய வேண்டும். பிறகு மாற்றினாலும் ஒரு தனிப் பதிவின் பழைய முகவரியை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும், அது உறுதி. ஆனால் மொத்த பெர்மாலிங்க் வடிவத்தையே பிறகு மாற்றினால் பழைய சுட்டிகள் சில வேளை திரும்பும், சில வேளை திரும்பாது. அதை நம்பி இருக்காதீர்கள். ஆங்கில எழுத்தில் முகவரி இருந்தால் கூகிளில் மேலே வரும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். தமிழ் முகவரிகளையும் கூகிள் படிக்கிறது. நான் ஆங்கில எழுத்தைச் சொல்வது வெட்டுப்படாமல் இருக்கவும், பகிரும்போது சுத்தமாக இருக்கவும்தான்.

மூன்றாவது, நேரம். ஜெனரல் பக்கத்தில் டைம்சோன் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரமாகவே இருக்கும், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பட்டியலில் சென்னையைத் தேடினால் கிடைக்காது. ஆசியாவின் கீழ் கொல்கத்தா என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாள். அன்று அதிகாலை 4 மணிக்கு நீங்கள் படங்களோடு ஒரு பதிவு போட்டால், அதன் மேல் டிசம்பர் 2 என்று தேதி விழும். தோவாளை பூச்சந்தைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் படிக்கட்டும் என்று காலை 4 மணிக்கு வெளியாகும்படி ஒன்றை முந்தின இரவே எழுதி வைத்தால், அது வெளியாவது 9.30க்கு. பிறகு டைம்சோனைத் திருத்தினாலும் ஏற்கெனவே வெளியானவற்றின் தேதி தானாகத் திருந்தாது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டும். தேதி எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தேதி, மாதப் பெயர், ஆண்டு என்ற வரிசை நம் கண்ணுக்குப் பழகியது.

அதே பக்கத்தில் மொழி. சைட் லாங்குவேஜ் என்பதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இலங்கைத் தமிழும் தனியாக இருக்கும், கவனித்துத் தேர்வு செய்யுங்கள். இதனால் மாதப் பெயர்கள் தமிழில் வரும், பின்னூட்டப் பெட்டியைச் சுற்றியுள்ள சொற்களும் பெரும்பாலும் தமிழுக்கு மாறும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் இது தமிழ்ப் பக்கம் என்று தெரியும். இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுக்காகவே இதைச் செய்யலாம் என்பேன். சரி, டாஷ்போர்டும் தமிழுக்கு மாறிவிட்டால் ஆங்கில வீடியோவைப் பார்த்து எப்படிப் பின்பற்றுவது? அதற்கும் வழி இருக்கிறது. யூசர்ஸ் பகுதியில் உங்கள் ப்ரொஃபைலில் மொழியைத் தனியாக ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளலாம். வாசகருக்குத் தமிழ், உங்களுக்கு ஆங்கிலம். மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுமை இல்லை. அங்கங்கே ஆங்கிலம் எட்டிப் பார்த்தால் உங்கள் தவறு என்று நினைக்க வேண்டாம்.

நான்காவது, உங்கள் பெயரும் மின்னஞ்சலும். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். நிர்வாகியின் மின்னஞ்சல் என்ற பெட்டியில் இருப்பது உங்கள் சொந்த முகவரிதானா? நம் பக்கத்தில் வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தெரிந்தவரோ உதவிக்கு வந்து, அவர் மின்னஞ்சலைப் போட்டு நிறுவிக் கொடுத்துவிட்டுப் போவது சகஜம். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துத் தளத்தில் கோளாறு வந்தால் எச்சரிக்கை அவருக்குப் போகும். டொமைன் காலாவதியாகிறது என்ற கடிதமும் அவருக்கே போகும், அவர் அந்த முகவரியையே விட்டிருப்பார். நிறைய எழுதிச் சேர்த்தவர்கள் இப்படித் தளத்தை மொத்தமாக இழந்ததைப் பார்த்திருக்கிறேன். வேர்ட்பிரஸில் உள்ள முகவரி, உங்கள் ப்ரொஃபைலில் உள்ள முகவரி, டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, இந்த நான்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸில் நிர்வாகி மின்னஞ்சலை மாற்றினால் புதிய முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் வரும். அதை அழுத்தும்வரை பழையதே நீடிக்கும்.

உள்நுழையும் பெயர் 'அட்மின்' என்று இருந்தால் மாற்றுங்கள். கடவுச்சொல்லை யூகித்து முயலும் தானியங்கி நிரல்கள் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான். ப்ரொஃபைலில் அதை மாற்ற விடாது. வேறு பெயரில் இன்னொரு நிர்வாகியை உருவாக்கி, அதன் வழியே நுழைந்து, பழையதை நீக்க வேண்டும். நீக்கும்போது பதிவுகளை யாருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு அழிப்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இன்னும் ஒரு படி மேலே போகலாம். எழுதுவதற்கென்று எடிட்டர் தகுதியில் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் பெயரைச் சொடுக்கினால் வரும் பக்கத்தின் முகவரியில் பெரும்பாலும் உள்நுழையும் பெயரே தெரியும். நிர்வாகிக் கணக்கிலிருந்து ஒன்றுமே வெளியிடவில்லை என்றால் அது அந்த வழியாக வெளியே வராது. அப்புறம், வாசகருக்குத் தெரியும் பெயரை ப்ரொஃபைலில் தமிழில் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை.

ரீடிங் பக்கத்தில் முக்கியமானது ஒரே ஒரு சிறு பெட்டி. தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் பெட்டி அது. நிறுவும்போதே அதைக் கேட்கும்; "இன்னும் தயாராகவில்லையே" என்று பலரும் டிக் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். பிறகு மாதக் கணக்கில் எழுதியும் கூகிளில் வரவில்லை என்று வருந்துவார்கள். முதல் பதிவு வெளியாகும் நாளில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்த மறுநாளே வந்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். முகப்பில் 10 பதிவு காட்டும்படி இருக்கும். படங்கள் நிறைய போடுவதாக இருந்தால் 5 அல்லது 6 போதும். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் கிடைக்கிற அளவுக்குத்தான் கிடைக்கும், அங்கே இருப்பவரும் படிக்க வேண்டும் அல்லவா. இதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

டிஸ்கஷன் பக்கத்தில், பின்னூட்டம் நீங்கள் அனுமதித்த பிறகே வெளியாக வேண்டும் என்பதை டிக் செய்யுங்கள். தமிழ்த் தளம்தானே, யார் ஸ்பேம் போடப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தானியங்கி நிரல்களுக்கு மொழி கிடையாது. வேறு தளம் உங்கள் பதிவுக்குச் சுட்டி கொடுத்தால் வரும் அறிவிப்புகளான பிங்பேக், டிராக்பேக் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். இன்று அவற்றால் உங்களுக்குப் பயன் இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். பின்னூட்டத்தை அனுமதிக்கலாமா, பிங்பேக் வரலாமா என்ற தேர்வுகள் இனி எழுதப்போகும் பதிவுகளுக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ளவை பழைய நிலையிலேயே இருக்கும். இதையும் முதலிலேயே முடிப்பது நல்லது என்பதற்கு அதுதான் காரணம். பின்னூட்டத்தையே மூடிவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. ஊர்க்கதை எழுதுகிறவருக்குப் பின்னூட்டம்தான் பாதிச் சரக்கு. மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி நீங்கள் ஒரு பதிவு போட்டால், அது கட்டப்பட்டதை நேரில் பார்த்த ஒரு பெரியவரின் பேரன் வந்து நாலு வரி எழுதுவான். அது வேறு எங்கும் கிடைக்காது.

மீடியா பக்கத்தில் பட அளவுகள் பிக்சல் கணக்கில் 150, 300, 1024 என்று இருக்கும், அப்படியே விடுங்கள். நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் வேர்ட்பிரஸ் பல அளவில் நகல் எடுத்து வைக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய போன் படத்தை அப்படியே ஏற்றினால் 2560 பிக்சலுக்கு மேல் இருப்பதைச் சுருக்கிக் காட்டும், ஆனால் அசலையும் சர்வரிலேயே வைத்திருக்கும். சிறிய ஹோஸ்டிங் திட்டத்தில் இடம் சீக்கிரம் நிறையும். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள். போனில் இருப்பிடத்தைச் சேமிக்கும் வசதி இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே இருக்கும். அசல் கோப்போடு அதுவும் வெளியே போகும். உங்கள் வீட்டு அடுக்களையில் சமைத்துப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். கேமரா செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள். படக் கோப்புகளுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள்.

ரைட்டிங் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வகை குறிப்பிடாத பதிவுகள் 'அன்கேட்டகரைஸ்டு' என்ற வகையில் விழும். அதை நீக்க முடியாது, பெயர் மாற்றலாம். 'பொது' என்று வைத்து, அதன் ஸ்லக்கையும் ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். சமையல், ஊர்கள், கடற்கரை, மலைநாடு என்று மூன்று நான்கு வகை போதும். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்று தாலுகா வாரியாகவும் பிரிக்க ஆசை வரும். எழுதி எழுதித்தான் எது நிறைய வருகிறது என்று தெரியும்; அதுவரை பொறுங்கள். வேர்ட்பிரஸோடு வந்த மாதிரிப் பதிவு, மாதிரிப் பக்கம், மாதிரிப் பின்னூட்டம் மூன்றையும் அழித்துவிடுங்கள். பிரைவசி பக்கத்துக்கு ஒரு வரைவு தயாராக இருக்கும், அதை உங்கள் தளத்துக்கு ஏற்பத் திருத்தி வெளியிடுங்கள். வாசகரின் மின்னஞ்சலைச் சேகரிக்கத் தொடங்கினால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைத் தொடுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

தீம் (தளத்தின் தோற்றம்) எது, பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எது என்றும் கேட்டிருந்தீர்கள். தீம் இப்போதைக்கு வேர்ட்பிரஸோடு வந்ததே போதும். நாலைந்து பதிவு எழுதிய பிறகு உங்களுக்கு என்ன தேவை என்று தெரியும். எழுத்துரு மட்டும் கொஞ்சம் பெரிதாகவும், வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாகவும் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி இடைவெளியில் நம் மேல்சுழியும் கீழ்க்கொம்பும் முட்டிக்கொள்ளும். பிளகினில் முதல் நாளே வேண்டியது ஒன்றுதான், பேக்கப் எடுப்பது. அப்டிராஃப்ட்பிளஸின் இலவசப் பதிப்பு போதும். வாரம் ஒருமுறை தானாக எடுத்து உங்கள் கூகிள் டிரைவுக்கு அனுப்பும்படி வையுங்கள். அதே சர்வரில் வைத்த நகல் சர்வர் போனால் கூடவே போய்விடும். தரவுத்தளம், படங்கள் இரண்டும் அதில் சேருகின்றனவா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாம் முடிந்ததும் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு, போன் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் தளத்தைத் திறந்து பாருங்கள். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா, தேதி தமிழில் வருகிறதா, ஒரு சோதனைப் பதிவின் சுட்டியை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பினால் சுத்தமாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அந்தச் சோதனைப் பதிவை அழியுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் நின்றால், திரையில் தெரியும் பிழைச் செய்தியை அப்படியே எழுதிக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.